வல்லூறின் வலது கை

தோட்டா பாய்ந்தது இடது கையில். கட்டு வந்து இறங்கியது வலது கையில்.

வல்லூறு காரை விட்டுக் காலைக் கீழே வைத்தபோதே அவள் பார்த்துவிட்டாள். பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. தொலைக்காட்சியில் ஓடுகிற ‘வல்லூறு’ உளவுத் தொடரில் அவள் உதவி இயக்குநர். முந்தின காட்சியில் யார் எந்தக் கையில் துப்பாக்கி வைத்திருந்தார்கள், சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, தம்ளரில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று கவனித்து, அடுத்த காட்சியிலும் அதே மாதிரி இருக்க வைக்க வேண்டும். அந்த வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயர். படப்பிடிப்பில் அவளையும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

“சார், கட்டு இடது கையில வரணும்,” என்றாள்.

வல்லூறாக நடிக்கிறவர் கறுப்புக் கண்ணாடியை இடது கையால் கழற்றப் பார்த்தார். அது காதில் மாட்டிக்கொண்டு தொங்கியது. இரண்டாவது முயற்சியில் வந்தது.

“யாரு சொன்னது?”

“வில்லன் சார். நேத்து வந்த எபிசோடுல இடது கையிலதான் சுட்டாரு. ஊரே பாத்துச்சு.”

“ஊரு என் முகத்தைப் பாக்கும். கையை யாரு பாக்குறா?”

“நான் பாப்பேன் சார்.”

வல்லூறு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளைத் தாண்டி நடந்தார். அந்தக் கட்டு சாதாரணக் கட்டாக இல்லை. முழங்கையில் தொடங்கி விரல் நுனியையும் விழுங்கிவிட்டு, மேலே உருண்டையாக முடிந்திருந்தது. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவது போல அதை மார்போடு அணைத்திருந்தார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். “சார், தோட்டா பாஞ்சது தோளுக்குக் கீழ. உள்ளங்கைக்கு எதுக்கு சார் கட்டு?”

“நரம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கும். படிச்ச பொண்ணுக்கு இது தெரியாதா?”

படித்த பொண்ணு என்பதை அங்கே எல்லாரும் வசவாகத்தான் சொல்வார்கள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மிதித்தவள் வலிக்க மிதித்துவிட்டாள் என்று அந்த ஆண்களுக்கெல்லாம் ஒரு வருத்தம் இருந்தது போலும்.

உள்ளே, வாடகை பங்களாவின் கூடம் உளவுத்துறைத் தலைமையகமாக மாறியிருந்தது. டைரக்டர் நாற்காலியில் இருந்து பாதி எழுந்து நின்றார். கதாநாயகன் வரும்போது முழுசாக எழுந்தால் மரியாதை கெட்டுவிடும், எழாமல் இருந்தால் வேலை கெட்டுவிடும் என்பதால் அவர் எப்போதும் பாதிதான் எழுவார்.

“அடடா, என்ன தங்கம் இது, கட்டோடயே வந்துட்டீங்க?”

“வீட்டுலயே நான்தான் சுத்திக்கிட்டேன். ராத்திரி பூரா இதோடதான் படுத்தேன். அடிபட்டவன் வலியை உணர வேண்டாமா?” வல்லூறு கண்ணை மூடினார். “பாத்திரத்தோட ஒட்டிட்டேன். இனி அதை விட்டு வெளிய வர்றது கஷ்டம்.”

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்துக்க கன்டினியூட்டி. இதுதான் அர்ப்பணிப்பு. மூணு வருஷமா மனுஷன் சர்க்கரை, மாவு எதையும் தொட்டதில்ல. வெந்த காய்தான். வயிறு ஒரு சுத்து பெருத்தாலும் ஆளை மாத்திடுவேன்னு முதலாளி ஒப்பந்தத்துலயே எழுதி வச்சிருக்காரு. சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு.”

“சார், அர்ப்பணிப்பு தப்புக் கையில இருக்கு சார்.”

தன் போனில் முந்தின நாள் எபிசோடைப் போட்டுக் காட்டினாள். தோட்டா இடது கையில் பாய்ந்தது. வல்லூறு இடது கையைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து குதித்தார். குதிக்கும்போது தன் பேர்போன வசனத்தைச் சொன்னார். “வல்லூறு பிடிச்சா விடாது.”

டைரக்டரின் முகம் சுருங்கியது. “தங்கம், சும்மா ஒரு நிமிஷம் பிரிச்சு, அந்தப் பக்கம் மாத்திச் சுத்திட்டா...”

“பிரிக்க மாட்டேன்,” என்றார் வல்லூறு. குரலில் எஃகு இருந்தது. “பிரிச்சா உணர்வு போயிடும்.”

மேக்கப் அக்கா நூல் கத்தரியோடு வந்து நின்றாள். “நான் அலுங்காம மாத்திடறேன் சார். இத்தனை வருஷமா எத்தனை கை கட்டியிருக்கேன்.”

“கிட்ட வராதீங்க,” என்று வல்லூறு இரண்டடி பின்வாங்கினார். அணுகுண்டுக்கு முன்னால் பின்வாங்காத ஆள்.

டைரக்டர் கன்டினியூட்டியைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்தாம்மா. அடுத்த வாரம் ஒரு எபிசோடு நீ டைரக்ட் பண்றதாச் சொல்லியிருக்கேனில்ல?”

அதை மறக்க முடியுமா. அடுத்த வாரம் ஓர் எபிசோடு முழுக்க அவளுடையது. திரையில் ‘இயக்கம்’ என்று போட்டு அதன் கீழே அவள் பெயர் வரும். கன்டினியூட்டி இல்லை, நிஜப் பெயர். “என் மக டிவிக்குள்ள வேலை பாக்குறா” என்று அம்மா தெருவில் சொல்லி வைத்திருந்ததில், அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் மகளின் பெயரை எங்கே எழுதியிருந்தாலும் விரல் வைத்துக் காட்டுவாள்.

“சொல்லியிருக்கீங்க சார்.”

“முதலாளி ஒத்துக்கிட்டது ஒரே நிபந்தனையில. இன்னைக்கு எடுக்கிற எபிசோடுல கன்டினியூட்டி தப்புன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. ஹீரோவும் மனசு நோகக் கூடாது. ரெண்டையும் நீயே பாத்துக்க.”

“தப்பு அவரோடது சார்.”

“யாரோடதுங்கிறது கதைக்கு எதுக்கும்மா? சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். நாளைக்கு ஒளிபரப்பு.”

அவள் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. யோசிப்பதில் அவள் மேல் அவளுக்கே நல்ல நம்பிக்கை உண்டு.

“படத்தையே திருப்பிடலாம் சார். கண்ணாடியில பாக்குற மாதிரி இடவலம் மாத்திட்டா வலது கை இடது கையாயிடும். எடிட்டருக்கு ஒரு பட்டன் வேலை.”

“ஹீரோ முகத்தையும் சேத்துத் திருப்பணுமே. ஒத்துக்குவாரா? இடது கன்னத்துல ஒரு விளக்கு நகந்தாலே வீட்டுக்குப் போற ஆளு.”

கேட்டுப் பார்த்தார்கள். வல்லூறு உடனே ஒத்துக்கொண்டார். “முகத்துல என்ன இருக்கு? திருப்புங்க. தலைகீழாக்கூடப் போடுங்க. கட்டு மேல கை வைக்காம இருந்தா சரி.”

டைரக்டர் அசந்துபோனார். அவளும் அசந்தாள், ஆனால் அவள் அசந்த காரணம் வேறு. ராஜா கோமணத்தைத் தவிர எல்லாவற்றையும் தானம் செய்கிறான் என்றால் கோமணத்தில்தான் ஏதோ முடிந்து வைத்திருக்கிறான்.

அங்கே பிடித்தது சனி.

படத்தைத் திருப்பினால் சுவரில் ‘உளவுத்துறை’ என்று பெரிதாக எழுதியிருந்த பலகை இடவலம் மாறித் தெரியும். ஆகவே அதைக் கழற்றி, எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக எழுதி மாட்டினார்கள். கடிகாரம் பின்னோக்கி ஓடும். அதைக் கழற்றினார்கள். உலகப் படத்தில் கிழக்கு மேற்காகும். அதைத் திருப்பி ஒட்டினதில் கடலெல்லாம் கசங்கிப்போனது. வல்லூறின் இடது கன்னத்து மச்சத்தை அழித்து வலது கன்னத்தில் வைத்தாள் மேக்கப் அக்கா. தலை வகிட்டை மாற்றினாள். உளவுத்துறைத் தலைவராக நடிக்கிற பெரியவரின் பதக்கங்களை இடது மார்பிலிருந்து பிடுங்கி வலது மார்பில் குத்தினாள்.

“உன்னைப் புடிச்சு ஒருநாள் கண்ணாடிக்குள்ள தள்ளிடுறேன், இருடி,” என்றாள் அவளிடம்.

“தள்ளுங்கக்கா, அங்கயாவது எல்லாம் நேரா இருக்கும்.”

தலைவருக்கு இடது கையால் சல்யூட் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவர் முப்பது வருஷமாகப் போலீஸ், ராணுவம், ஜெயிலர் என்று வலது கையால் அடித்து வந்தவர். முதல் தடவை இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கிக் கும்பிட்டார். இரண்டாம் தடவை இடது கை விரல் இடது கண்ணுக்குள் போனது.

“வில்லன் கண்ணுலதானேம்மா பட்டை. எனக்கும் ஒண்ணு போட்டு விட்டுடேன்,” என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டே.

வில்லனுக்கு ஒற்றைக்கண்ணன் என்று பெயர். அவனுக்குக் கறுப்புப் பட்டை இடது கண்ணில். இன்றைக்கு மட்டும் அதை வலது கண்ணுக்கு மாற்றினார்கள். மூன்று வருஷமாக ஒரு கண்ணாலேயே நடிப்புத் தொழிலை நடத்திவந்த அந்த மனுஷர், ஓய்வில் இருந்த கண் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்ததில் தூணுக்கும் கதவுக்கும் வித்தியாசம் தெரியாமல் தூணுக்குள் நுழையப் பார்த்தார்.

இத்தனையும் ஒரு கட்டை அவிழ்க்காமல் இருப்பதற்காக.

எப்படியோ தலைமையகக் காட்சி முடிந்தது. அடுத்தது சித்திரவதைக் காட்சி. வில்லன் அடிபட்ட கையிலேயே கம்பால் தட்டி, ரகசியத்தைச் சொல்லு என்பான். வல்லூறு சொல்ல மாட்டான். கம்பு ரப்பர். காற்றில் வீசினால் வளையும்.

“ஆக்‌ஷன்,” என்றார் டைரக்டர்.

ஒற்றைக்கண்ணன் பழக்கமில்லாத கண்ணால் குறிபார்த்துத் தட்டினான். கம்பின் அடிப்பக்கத்து இரும்புப் பூண் கட்டின் மேல் பட்டது.

டங்.

“கட்,” என்றார் சவுண்டுக்காரர். ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார். “எங்கயோ பாத்திர சத்தம்.”

“டைரக்டர் நான். கட் நான்தான் சொல்லணும்,” என்றார் டைரக்டர்.

“சொல்லுங்க சார். ஆனா சத்தம் வந்துச்சு.”

நாற்காலியைத் தட்டிப் பார்த்தார்கள். மரம். விளக்குக் கம்பங்களை நகர்த்தினார்கள். சமையற்கட்டில் யாரும் பாத்திரம் கழுவுகிறார்களா என்று போய்ப் பார்த்து வந்தார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி டங். இந்தத் தடவை வல்லூறு வலியில் துடிப்பதாகக் கையை உதற, டங்கைத் தொடர்ந்து கடகட என்று ஏதோ உருண்டது.

“இப்ப டப்பாவுக்குள்ள கூழாங்கல்லு போட்டு ஆட்டுற மாதிரி ஒரு சத்தம்,” என்றார் சவுண்டுக்காரர். “என் காது பொய் சொல்லாது. என் வீட்டுக்காரியே ஒத்துக்குவா.”

அவள் வல்லூறின் அருகில் போனாள். “சார், கட்டுக்குள்ள ஏதாவது...”

“எலும்பு,” என்றார் வல்லூறு. “உடற்பயிற்சி செஞ்சு செஞ்சு என் எலும்பெல்லாம் அப்படித்தான் ஆயிடுச்சு. நீயும் கொஞ்சம் பண்ணு.”

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலைக்குள் அடுத்த வார எபிசோடு தன் பெயரோடு நின்று கையசைத்தது. கதையை வளைத்துவிடலாம் என்று முடிவுசெய்தாள்.

“சார், இரும்புக் கைன்னு மாத்திடலாம்.”

“என்னது?”

“வல்லூறுக்குப் பழைய சண்டையில எலும்பு போயிடுச்சு. உள்ள எஃகுத் தகடு வச்சிருக்காங்க. அதான் டங்குங்குது. தோட்டா தகட்டுல பட்டு உள்ளயே தங்கிடுச்சு. அதான் உருளுது. வில்லன் கேக்குறான், ‘கையா இது, இரும்பா?’ வல்லூறு சொல்றான், ‘இரும்புதான். என் மனசைப் போல.’”

டைரக்டர் வாயைப் பிளந்தார். “ஒரு மனுஷன் கைக்குள்ள தோட்டா உருளுமாம்மா?”

“போன மாசம் வல்லூறு ஏவுகணை மேல உக்காந்து வந்தாரே சார். அதுல பெட்ரோல் எங்க போட்டாங்கன்னு யாராவது கேட்டாங்களா?”

டைரக்டர் வல்லூறைப் பார்த்தார். எப்போதும் வசனத்தை மாற்றினால் அரை மணி நேரம் முகம் தூக்கி உட்காருகிறவர், “அருமை. எஃகுதான். எவர்சில்வர்னுகூட வச்சுக்கலாம்,” என்றார்.

எவர்சில்வர் எங்கிருந்து வந்தது என்று அவள் மனதில் ஒரு முள் குத்தியது. குத்தினதைப் பிடுங்க நேரமில்லை.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வல்லூறு வேகவைத்த காய்கறியைத் தனியாக உட்கார்ந்து இடது கையால் கரண்டியில் அள்ளிச் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தார். இரண்டு தடவை குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மேக்கப் அக்கா அவளிடம் வந்து குசுகுசுத்தாள்.

“சோப்பு கேட்டாரு, குடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு எண்ணெய் இருக்கான்னாரு. தலைக்கு வைக்கிறதா, முகத்துக்கா, எதுக்கு சார்னு கேட்டா, வழுக்குறதா எது இருந்தாலும் குடுன்னாரு. என்னடி இது?”

“டிரைவர் எங்கக்கா? காலையில இறக்கி விட்டுட்டுப் போனவர் ஆளையே காணோம்.”

“மருந்து வாங்கப் போயிருக்கானாம். கேட்டேன். இரும்புப் பட்டறைப் பக்கம் என்ன மருந்து விக்குதுன்னு எனக்குத் தெரியல. நம்ம லைட்டுக்காரர் அங்கதான் பாத்தாராம்.” அக்கா குரலை இன்னும் தாழ்த்தினாள். “இன்னொண்ணு. கட்டு மேல எறும்பு ஊருதுடி. வரிசையா, ஊர்வலம் மாதிரி. தட்டிவிடப் போனேன். மருந்து இனிப்புன்னுட்டாரு.”

அவள் அதை மெல்லுவதற்குள் மாடியிலிருந்து எடிட்டர் இறங்கிவந்து, காலையில் எடுத்ததைப் பார்க்கலாம் என்றார். எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

திரையில் ‘உளவுத்துறை’ இடவலம் மாறித் தெரிந்தது. தலைவர் இடது கையால் சல்யூட் அடித்தார். வில்லனின் பட்டை வலது கண்ணில். கட்டு, நல்ல துலக்கமாக, வலது கையில்.

“திருப்பச் சொன்னேனே,” என்றாள்.

“திருப்பினேம்மா,” என்றார் எடிட்டர். “படம் வந்ததும் பாத்தேன், பலகையில எழுத்து இடவலமா மாறி இருந்துச்சு. யாரோ தப்பா எடுத்துட்டாங்க, நம்ம பிள்ளைங்க திட்டு வாங்கக் கூடாதுன்னு நானே திருப்பி வச்சிட்டேன். அப்புறமா உன் மெசேஜ் வந்துச்சு, எல்லாத்தையும் திருப்புங்கன்னு. நீ சொன்னா காரணம் இருக்கும்னு மறுபடி திருப்பிட்டேன்.”

அது ஒரு பட்டனில் தீருகிற விஷயம். ஆனால் வல்லூறு காத்திருந்தவர் போல எழுந்தார்.

“பாத்தீங்களா டைரக்டர்? இடது எது வலது எதுன்னு தெரியாத பொண்ணு அடுத்த வாரம் என்னை டைரக்ட் பண்ணப் போகுது.”

“இடது எதுன்னு காலையில முதல்ல சொன்னதே நான்தான் சார்.”

“பாருங்க, எதிர்த்தும் பேசுது.”

டைரக்டர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். “கன்டினியூட்டி, இதுதான் கடைசி. இன்னொரு சின்னத் தப்பு நடந்தா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது.”

அவளுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. அழுகிற ரகம் இல்லை அவள். கோபம் வந்தால் அவளுக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரியும்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு காட்சி. எதிரியின் கோட்டை வாசலில் மெட்டல் டிடெக்டர். வணிக வளாகத்து வாசலில் நிற்குமே, உள்ளே நுழைந்தால் கத்துகிற சட்டம், அதேதான். நிஜமானது, பாதுகாப்பு சாமான்கள் வாடகைக்கு விடுகிற ஆளிடமிருந்து வாங்கி வந்திருந்தார்கள். பழைய கதைப்படி வல்லூறு ஓர் ஆயுதமும் இல்லாமல் சத்தமின்றி உள்ளே நுழைவான்.

“இரும்புக் கைன்னு எழுதிட்டோமே. இப்ப எப்படிச் சத்தமில்லாம நுழைவான்?” என்றார் டைரக்டர்.

“கத்தட்டும் சார். காவலாளிங்க சோதிச்சுப் பாக்குறாங்க, ஒண்ணும் கிடைக்கல. கையே ஆயுதம்னு அவங்களுக்குத் தெரியாது. முன்ன இருந்ததைவிட நல்லா இருக்கு. பீப் சத்தத்தை அப்புறமா சேத்துக்கலாம். இப்போதைக்கு சும்மா நடந்து வரட்டும்.”

“உனக்கு மூளை இருக்கும்மா. வாய்தான் அதிகம்.”

ஒத்திகைக்காக டைரக்டரே முதலில் நுழைந்தார். சத்தமில்லை. ஒற்றைக்கண்ணன் நுழைந்தான், முதலில் சட்டத்தில் முட்டிவிட்டுப் பிறகு சரியாக. சத்தமில்லை. தலைவர் பதக்கங்களோடு நுழைந்தார். எல்லாம் பிளாஸ்டிக். சத்தமில்லை.

“ஆக்‌ஷன்.”

வல்லூறு தோளை நிமிர்த்தி, தாடையை இறுக்கி, மெதுவாக நடந்துவந்து சட்டத்துக்குள் கால் வைத்தார்.

பீப் பீப் பீப் பீப்.

“கட். பிரமாதம்,” என்றார் டைரக்டர். “பீப் சரியான நேரத்துல விழுந்துச்சு. யாரு போட்டது?”

சவுண்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். “நான் போடல சார். அதுவா கத்துது.”

வல்லூறு பெல்ட்டைக் கழற்றிவிட்டு வந்தார். பீப். மோதிரத்தைக் கழற்றினார். பீப். ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். பீப். டைரக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“நீதானே இரும்புக் கைன்னு எழுதின?”

“சார், அது நம்ம கதைக்கு எழுதினது. மெஷின் நம்ம கதையைப் படிக்கலையே.”

ஓர் எறும்பு கட்டிலிருந்து இறங்கி வல்லூறின் சட்டையில் ஏறியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அந்த உருண்டைக் கட்டைப் பார்த்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“கட்டைப் பிரிங்க சார்.”

“என்ன?”

“உள்ள என்னமோ இருக்கு. காலையிலேர்ந்து ஊரையே இடவலமா மாத்தினோம். பெரியவர் கண்ணைக் குத்திக்கிட்டாரு. ஒற்றைக்கண்ணன் சார் நெத்தி வீங்கிப்போச்சு. எல்லாம் இந்தக் கட்டுக்காக. எனக்கு உள்ள இருக்கிறதைப் பாக்கணும்.”

வல்லூறின் முகம் சிவந்தது. மச்சம் வியர்வையில் வழிந்து தாடைக்கு வந்தது. அவர் டைரக்டரிடம் மட்டும் பேசினார்.

“தப்பை மறைக்க என் மேல சந்தேகப்படுது. இனி நான் பேச மாட்டேன். இது இருந்தா நான் இல்ல. நான் இருந்தா இது இல்ல. முதலாளிக்கு இப்பவே போன் போடுங்க.”

டைரக்டர் அவளைப் பார்க்காமல், சுவரில் கசங்கிக் கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அடுத்த வாரம் வேற ஆளு பண்ணட்டும்மா. நீ நாளையிலேர்ந்து... கொஞ்ச நாள் வீட்டுல இரு.”

“தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சா?”

“தெரிஞ்சா பேசலாம். தெரியாதே.”

“தெரிஞ்சா எபிசோடு என்னோடது. இத்தனை பேர் சாட்சி. சரியா சார்?”

டைரக்டர் அலுப்போடு தலையாட்டினார். வல்லூறு வெற்றிப் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்ததில் கடகட என்றது.

அப்போது வாசலில் ஓர் அம்மாள் நின்றாள். வீட்டுச் செருப்பு, அவசரமாகப் போட்ட கொண்டை, ஒரு கையில் எண்ணெய்ப் புட்டி. மெட்டல் டிடெக்டரைப் பார்த்ததும் இதற்குள் நுழைய வேண்டுமோ வேண்டாமோ என்று தயங்கினாள். கன்டினியூட்டிதான் போய் அந்த அம்மாளைக் கூட்டிவந்தாள்.

“யாரு வேணுங்கக்கா?”

“இவரோட சம்சாரம்மா நான்.” அம்மாள் நாற்காலியில் இருந்த வல்லூறைக் கண்ணால் காட்டினாள். “போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறாரு. டிரைவரும் ஊரெல்லாம் சுத்திட்டு, வெட்டத் தெரிஞ்ச ஆள் கிடைக்கலைன்னு சொல்லிட்டான். வெட்டவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இங்க யாருக்கிட்டயும் சொல்லிடாதேன்னு சொல்லியிருக்காரு, அதான்...” என்று கன்டினியூட்டியின் காதோடு வாயை வைத்து மிச்சத்தைச் சொன்னாள்.

வல்லூறு நாற்காலியை விட்டு எழுந்தார். “ஏய், நீ எதுக்கு இங்க வந்த? வீட்டுக்குப் போ.”

“வீட்டுக்குப் போகத்தான் வந்திருக்கேன். வெறுங்கையோட போக முடியாது,” என்றாள் அம்மாள்.

ரகசியத்தைக் கேட்டவள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அம்மாளின் தோளைப் பிடித்து மெதுவாக நடத்திவந்து, விளக்கு நன்றாக விழுகிற இடத்தில் நிறுத்தினாள். கேமராக்காரரைப் பார்த்தாள். அவர் தானாகவே கேமராவைத் திருப்பினார். சவுண்டுக்காரர் மைக்கை அம்மாளின் தலைக்கு மேலே நீட்டிவிட்டு, ஹெட்போனை இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டார். டைரக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, யாரும் தன்னைக் கவனிக்காததால் நாற்காலியில் உட்கார்ந்தார். முழுசாக.

“இதெல்லாம் எதுக்கும்மா? எனக்கு நடிக்கத் தெரியாதே,” என்றாள் அம்மாள்.

“நடிக்க வேண்டாங்கக்கா. என் காதுல சொன்னதை அவரைப் பாத்து அப்படியே சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

“கேமராவை நிறுத்து,” என்றார் வல்லூறு.

யாரும் நிறுத்தவில்லை. அவள் டைரக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அடுத்த வாரம் சொல்வதற்காகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்த சொல்லை, ஒரு வாரம் முன்கூட்டியே, அவசரப்படாமல் சொன்னாள்.

“ஆக்‌ஷன்.”

அம்மாள் எண்ணெய்ப் புட்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

“என்னங்க, காலையிலேர்ந்து தலைப்பாடா அடிச்சுக்கிறேன், உள்ள பிடிச்சிருக்கிற அந்த பிஸ்கட்டை விட்டுத் தொலைச்சீங்கன்னா கை தானா வெளிய வந்துடும், நான் என் எவர்சில்வர் ஜாடியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”